பதினோரு அம்பயர்கள்

பத்தொன்பதாவது ஓவரை அந்த இடதுகைப் பையனிடம் கொடுத்த கேப்டனை வச்சலாவால் மன்னிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. கேளம்பாக்கத்தில் கோவளம் ரோடு பிரிகிற இடத்தில், தார்ப்பாய் நிழலில் பலகை போட்டு உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். கத்தி இறங்குகிற வேகத்தைப் பார்த்த வாடிக்கைக்காரர் ஒருவர், துண்டு கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும்மா என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? முந்தின நாள் சென்னை டீம் தோற்றிருந்தது. சும்மா தோற்றிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பாள். ஜெயித்து முடித்த ஆட்டத்தைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். அந்த வயிற்றெரிச்சலில் அவள் சரியாகத் தூங்கவில்லை.

வச்சலாவுக்கு நாற்பத்தாறு வயது. திருவிடந்தைக்குத் தெற்கே இருக்கிற குப்பத்திலிருந்து இருபது வருஷமாக இங்கே மீன் கொண்டுவந்து விற்கிறாள். கிரிக்கெட்டைப் பற்றி அவளுக்கு இல்லாத அபிப்பிராயம் கிடையாது. வீரர்களை ஏலம் எடுப்பதைப் பற்றிப் பேசச் சொன்னால் மீனை மறந்துவிடுவாள். தினமும் விடியற்காலையில் கரையில் நின்று ஏலம் எடுக்கிறவளுக்கு அந்த நட்சத்திர ஓட்டல் ஏலம் சிரிப்பாக இருந்தது. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு கூடையை எடுப்பாளா அவள்? அவர்கள் எடுக்கிறார்கள், முட்டி தேய்ந்தவனையும் முதுகு பிடித்தவனையும் கோடிக்கு எடுத்து ஐஸில் வைத்திருக்கிறார்கள். கபடி பற்றியும் சொல்வாள். டிவியில் காட்டுகிற கபடியில் பாதி நேரம் லைட்டு, பாதி நேரம் பாட்டு, ஆட்டம் ஊறுகாய் மாதிரி ஓரத்தில் இருக்கிறது என்பாள். அரசியல் தனி. தேர்தல் சமயத்தில் வேட்பாளர்கள் அவள் கடைக்கு வந்து வஞ்சிரத்தை வாலைப் பிடித்துத் தூக்கிப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இதுவரை எல்லாக் கட்சிக்காரனும் தூக்கிவிட்டான், வாங்கிக்கொண்டு போனவன் ஒருத்தன் கிடையாது. ஓஎம்ஆர் ஐடி ஜனம் லீவு நாளில் டிக்கெட் வாங்கிக்கொண்டு கடற்கரை மணலில் பந்து விளையாடுவதைப் பற்றியும் அவளிடம் ஒரு கருத்து இருந்தது. அதை எழுதினால் அச்சில் ஏறாது.

இதையெல்லாம் போன வருஷத்திலிருந்து அரவிந்தன் வீடியோ எடுத்து நெட்டில் போட்டுக்கொண்டிருந்தான். கடைக்குப் பின்னால் இருக்கிற அடுக்குமாடியில் ஆறாவது மாடி, கம்ப்யூட்டர் வேலை. மீன் வாங்க வந்தவன் ஒருநாள் அவள் கேப்டனைத் திட்டுவதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். மறுவாரம் போனைத் தூக்கிக்கொண்டு வந்து, அக்கா, நேத்து மேட்ச் எப்படி என்றான். அதற்கப்புறம் மேட்ச் நடந்த மறுநாளெல்லாம் வந்தான். அவளைத் தேடி சிறுசேரியிலிருந்தும் தாழம்பூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து, நீங்கதானே அந்த அக்கா என்று கேட்டார்கள். வச்சலாவுக்கு அது பிடித்திருந்தது. இதை மறைக்க ஒன்றுமில்லை. வீட்டில் பேச்சுத்துணை கிடையாது. புருஷன் தேசப்பனுக்குக் கடலும் தூக்கமும் தவிர வேறெதிலும் நாட்டமில்லை. ஆட்டத்தைப் பற்றி ஒரு பொம்பளை சொல்வதை நின்று கேட்க ஆள் இருக்கிறதே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அரவிந்தன் வந்தான். பத்தொன்பதாவது ஓவரைப் பற்றி அவள் கொட்டித் தீர்த்து முடித்ததும், சும்மா ஒரு பேச்சுக்கு, உங்க ஊர்ல டீம் இருக்காக்கா என்று கேட்டான். அவன் மேல் தப்பில்லை. அவனுக்கு அந்த வாரம் ஊரில் நடந்தது தெரியாது.

ஊரில் நடந்தது இதுதான். அம்மன் கோயிலுக்கு வடக்கே ஒரு மணல்திட்டு உண்டு. பகலில் வலை காயும், சாயங்காலத்தில் பிள்ளைகள் விளையாடும். வச்சலாவின் மகள் தேவிப்பிரியா ப்ளஸ் டூ படிக்கிறாள். ஊர்ப் பெண் பிள்ளைகளின் கபடி டீமில் அவள்தான் ரெய்டு போகிறவள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜில் இடம் கிடைக்கும் என்று பி.டி. டீச்சர் ஹெலன் சொல்லியிருந்தார். மற்ற நாளில் பள்ளிக்கூடமும் டியூஷனும் போக, பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி சனி, ஞாயிறுதான். அந்தச் சனி, ஞாயிறைத்தான் ஊர்ப் பஞ்சாயத்து பக்கத்து ரிசார்ட்டுக்கு விட்டுவிட்டது, பீச் வாலிபால் விளையாட. பதினோரு பஞ்சாயத்தார் உட்கார்ந்தார்கள், கை தூக்கினார்கள், முடிந்தது. ஆம்பளைப் பையன்கள் மற்ற நாளில் கிரிக்கெட் ஆடிக்கொள்ளட்டும் என்றார்கள். பெண் பிள்ளைகளின் பேச்சே அங்கே வரவில்லை.

கேப்டன் மேல் இருந்த கோபமும் இந்தக் கோபமும் வச்சலாவுக்குள் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தன. கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"டீமா? எங்கூர்லயும் பதினோரு பேர் கீறானுங்க தம்பி. ஒருத்தனுக்கும் பேட்டு புடிக்கத் தெரியாது, பாலு போடத் தெரியாது. பதினோரு பேரும் அம்பயரு. கைய மட்டும் தூக்குவானுங்கோ. பொட்டப் புள்ளைங்க ஆடிக்கினு இருந்த கிரவுண்ட தூக்கி ரிசார்ட்டுக்காரனுக்குக் குட்த்துட்டு, அவுட்டுன்னு கைய தூக்கிட்டானுங்க. எந்த பால்ல அவுட்டுன்னு கேட்டா, நீ பொம்பள, ஒனுக்கு அம்பயர கேள்வி கேக்கற ரைட்ஸு இல்லன்றான்."

ஊர் விஷயம் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த கட்டுப்பாடு. போலீசுக்குப் போவதாக இருந்தாலும் முதலில் ஊரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். வச்சலாவுக்கும் அது தெரியும். ஆனால் கேளம்பாக்கத்தை அவள் ஊராகவும் நினைத்ததில்லை, ஊருக்கு வெளியேயாகவும் நினைத்ததில்லை. அது கடை. இருபது வருஷமாகக் கடையில் எத்தனையோ பேசியிருக்கிறாள், மாமியாரை, மந்திரியை, எல்லோரையும். சாயங்காலம் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினால் செதிலோடு அந்தப் பேச்சும் சாக்கடையில் போய்விடும். எதிரில் போன் இருந்ததையே அவள் மறந்துபோனாள்.

வியாழக்கிழமைக்குள் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் அந்த வீடியோவைப் பார்க்காத குப்பம் இல்லை. ஊர்த் தலைவரை எல்லோரும் நாட்டார் என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்துக் குப்பத்துத் தலைவர் அவருக்குப் போன் போட்டு, இன்னா அண்ணாத்த, பேட்டு புடிக்கக் கத்துக்கினியா என்று கேட்டாராம். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கிரவுண்டைக் கொடுத்ததைப் பற்றிக் கேட்டிருந்தால்கூட ஏதாவது பதில் வைத்திருப்பார். கிண்டலுக்கு அவரிடம் பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை லோகு வந்தான். ஊர்க் கூட்டத்துக்கு வீடு வீடாக ஆள் சொல்கிற வேலை அவனுடையது. வாசலில் நின்று, வச்சலாவின் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஊர் கூடுகிறது, தேசப்பன் அண்ணன் வர வேண்டும் என்றான்.

"பேசுனது நானு. என்ன கூப்டு."

"பொம்பளைய எப்டிக்கா ஊர்ல கூப்புட்றது?" என்றான் லோகு. அவன் கேலி செய்யவில்லை. நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை.

தண்டனை என்ன என்று அவன் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. பெண்டாட்டி செய்த தப்புக்குப் புருஷன் ஊர் நடுவில் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். விழாவிட்டால் அவன் படகு கடலில் இறங்காது. கூட வருகிறவன் வர மாட்டான், டிராக்டர்காரன் இழுக்க மாட்டான். வச்சலா கரையில் ஏலத்துக்கு நிற்க முடியாது. விழுந்துவிட்டாலும் அதோடு தீர்ந்துவிடாது. விழுந்தவன் ஒரு வருஷத்துக்கு ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது. கிரவுண்டைப் பற்றிக் கேட்க அந்த ஊரில் தயாராக இருந்தது அவர்கள் வீடு ஒன்றுதான். அந்த வீட்டுக்கும் ஒரு வருஷம் வாய்ப்பூட்டு. தேவிப்பிரியாவின் ப்ளஸ் டூ அதற்குள் முடிந்துவிடும்.

சனிக்கிழமை அரவிந்தன் கடைக்கு வந்தபோது வச்சலா அவனுக்கு மீன் போடவில்லை. அந்த வீடியோவை முதலில் எடு என்றாள். அவன் முகம் சுருங்கியது. எட்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள், நான் எடுத்தாலும் மற்றவர்கள் பக்கத்தில் இருக்கும், எடுத்துப் பிரயோஜனம் இல்லை என்றான். சொன்னது சரிதானேக்கா, நீங்க எதுக்கு பயப்படணும் என்றான். இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு, இதைப் பற்றியே ஒன்று பேசிப் போடலாமா, நிறையப் பேர் சப்போர்ட் பண்ணுவாங்க என்று கேட்டான். நல்ல பையன்தான். அந்த நல்ல பையனைச் செருப்பால் அடிக்கலாம் போல வச்சலாவுக்கு வந்தது.

"நீ லிப்டுல ஏறிப் பூடுவ தம்பி. நான் அந்த மணல்ல நடந்துதான் வூட்டுக்குப் போவணும்."

அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் மீன் வாங்க வந்த நாலைந்து பேரும் அவள் சத்தத்தில் விலை கேட்காமலே வாங்கிக்கொண்டு போனார்கள்.

வீட்டில் தேசப்பன் வலையின் அறுந்த கண்ணியைக் கோத்துக்கொண்டிருந்தான். அவன் அந்த வீடியோவைப் பார்க்கவில்லை. அவனுடைய போனில் பேச மட்டும்தான் முடியும்; பிறத்தியார் போனை வாங்கிப் பார்க்கிற பழக்கமும் அவனுக்கு இல்லை. மூன்று நாளாக ஊரே அவனைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தபோதும் என்ன ஏது என்று அவன் கேட்கவில்லை. இந்தப் பொறுமைதான் வச்சலாவுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. திட்டினாலாவது திருப்பித் திட்டலாம்.

"இன்னாயா பண்ணப் போற நாளிக்கு?"

"வுழுந்துட்டா முட்ஞ்சிபோச்சு. மண்ணுதான? தட்டி வுட்டுக்கினா பூடும்."

"நீ வுழுந்தா நான் சொன்னது பொய்யின்னு ஆவும்."

தேசப்பன் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு நூலை இழுத்தான். உள்ளேயிருந்து தேவிப்பிரியாதான் பேசினாள். கிரவுண்டு போனால் போகட்டும், கபடியும் வேண்டாம் காலேஜும் வேண்டாம், அப்பாவை எல்லார் காலிலும் விழ வைக்காதே என்றாள். அழுகையும் கோபமும் சேர்ந்த குரல். மகளுக்காகப் பேசிய பேச்சு மகளுக்கே ஆகாமல் போனது. வச்சலா எழுந்து போய் ஐஸ் பெட்டியைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவிய பெட்டி அது.

மறுநாள் நாலு மணிக்கு ஊர் கூடியது. கோயிலுக்கு முன்னால் தகரக் கொட்டகை. அதில் பதினோரு பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே மணலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களுக்கு அங்கே இடம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. அவர்கள் ஐஸ் கொட்டகைச் சுவரை ஒட்டி நின்று, காதை மட்டும் இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பார்கள். வடக்கே மணல்திட்டில் ரிசார்ட்காரர்கள் வலை கட்டி வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். கலர் கலராகக் கொடி, பாட்டு. யாராவது ஒரு பாயிண்ட் எடுத்தால் ஓவென்று கத்தல். தன் மகள் ஓடி ஓடிக் கெட்டியான மணலில் வெள்ளைத்தோல் கால்களும் ஐடி கால்களும் குதிப்பதை வச்சலா ஒருமுறை பார்த்தாள். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நாட்டார் கெட்ட மனிதர் இல்லை. முட்டிவலிக்காரர். போன புயலில் ராத்திரி பகலாக நின்று படகுகளை மேலே ஏற்றியவர். தேசப்பனைப் பார்த்து, ஒன்னப் பத்தி ஒண்ணும் இல்ல, ஊரு மானம் பூட்ச்சு, அதான் என்று தணிந்த குரலில்தான் ஆரம்பித்தார். இன்னொரு பஞ்சாயத்தார் கட்டுப்பாட்டை எடுத்துச் சொன்னார். எல்லாம் முடிந்து, விழு என்று சொல்ல வேண்டிய இடம் வந்தபோது தேசப்பன் வாயைத் திறந்தான்.

"அவ இன்னா சொன்னான்னு நான் இன்னும் கேக்கல. எதுக்கு வுழறேன்னு தெர்ஞ்சிக்கினு வுழறேன்."

அவன் வம்புக்குக் கேட்கவில்லை. அவன் வாழ்நாளில் வம்புக்கு எதுவும் கேட்டதில்லை. நியாயமான கேள்வி என்று கிழவர்கள் தலையாட்டினார்கள். லோகு தன் போனை நீட்டினான். ரிசார்ட்டுப் பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தப்பு என்னவென்று ஊருக்கு முன்னால் நிரூபிக்க வேண்டாமா? நாட்டாரே கை காட்ட, லோகு போனைக் கோயில் ஸ்பீக்கரில் இணைத்தான்.

எங்கூர்லயும் பதினோரு பேர் கீறானுங்க தம்பி என்று வச்சலாவின் குரல் கொட்டகை முழுக்க எழுந்தது.

ஊர் கூடுகிற இடத்தில் ஒரு பெண்ணின் குரல் அப்படிக் கேட்டு யாருக்கும் ஞாபகம் இல்லை. சுவரோரம் நின்ற வச்சலாவுக்கே உடம்பு சிலிர்த்தது. பேட்டு பிடிக்கத் தெரியாது என்ற இடத்தில் பின்வரிசைப் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பதினோரு பேரும் அம்பயரு என்றதும் ஒருவன் குபுக்கென்று சிரித்துவிட்டான். அது பக்கத்தில் தொற்றி, இரண்டு வரிசைக்கு வந்து, பஞ்சாயத்தாரில் ஒருவரே மீசையைத் தடவுகிற சாக்கில் வாயை மூடிக்கொள்ளும்படி ஆனது. எந்த பால்ல அவுட்டுன்னு கேட்டா என்ற இடத்தில் சிரிப்பு நின்றது. பொட்டப் பிள்ளை பெற்றவர்கள் அந்த மணலில் நிறையப் பேர் இருந்தார்கள். லோகு போனை அணைத்துவிட்டான்.

"கேட்டியா?" என்றார் நாட்டார். அவர் முகம் கறுத்திருந்தது.

"கேட்டேன்."

"இப்ப தெர்தா எதுக்குன்னு?"

தேசப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான்.

அந்த முடிச்சைப் பார்த்ததும் வச்சலாவுக்கு மற்றதெல்லாம் அற்றுப்போனது. இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்த முதுகு. அலையில் படகைத் தள்ளும்போது வளைகிற முதுகு. அவள் வாய்க்காக அது இந்தப் பதினோரு பேருக்கு முன்னால் மண்ணில் படுவதா? சுவரை விட்டு வந்ததும் ஆண்களுக்கு நடுவே வழி கேட்காமல் நடந்ததும் அவளுக்குத் தெரியவில்லை. கால் பட்டுவிடாமல் இரண்டு பேர் நகர்ந்தது மட்டும் தெரிந்தது. தேசப்பனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"வாயி என்து. நான் வுழறேன்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நாட்டார் கையமர்த்தினார். அவருக்கும் இதை முடித்துவிட்டு எழுந்து போனால் போதும் என்றிருந்தது.

"பொம்பள வுழுந்தா ஊரு ஏத்துக்காதும்மா. அது கணக்குல வராது. நீ வூட்டுக்குப் போ."

தப்பு மட்டும் கணக்கில் வருமா என்று கேட்க நினைத்தாள். மன்னிப்புக் கேட்கக்கூட லாயக்கில்லாதவள் என்று ஒருவர் அம்மா போட்டு, அதட்டாமல், ஆதரவாகச் சொல்கிறார். அதில் வந்த கோபம் மாதிரி அவளுக்குப் பிறந்ததிலிருந்து வந்ததில்லை. முந்தானையை இழுத்துச் செருகினாள். தொப்பென்று விழுந்தாள், பக்தியோ பயமோ அதில் ஒரு துளி இல்லை. மோவாயில் அடிபட்டது. பல்லுக்குள் மணல் புகுந்தது.

"எழுந்திரும்மா" என்றார் நாட்டார்.

"ஏத்துக்கினேன்னு சொல்லு, எழுந்துக்கறேன்."

"அது வழக்கம் இல்ல."

"அப்ப நான் எழுந்துக்கறதும் இல்ல."

ஒருவன் பெண்டாட்டியை இன்னொருவன் தொட்டுத் தூக்க முடியாது. சுவரோரம் நின்ற பெண்களை வரச் சொன்னார்கள். யாரும் வரவில்லை. வச்சலாவுக்குப் பரிந்து நின்றார்களோ, உள்ளே வரப் பயந்து நின்றார்களோ, அது அவர்களுக்கே வெளிச்சம். வழக்குப் பாதியில் நிற்கும்போது ஊர் கலையவும் கூடாது. வச்சலாவின் கன்னம் மணலில் இருந்தது. பகல் வெயிலை முழுக்கக் குடித்த மணல், சுட்டது. அந்த உயரத்தில் அவளுக்குக் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. வெடித்த குதிகால், நகம் பெயர்ந்த கட்டைவிரல், நாட்டாரின் வீங்கிய கணுக்கால். அவற்றில் சில நாற்காலிக்கு அடியில் பின்னுக்குப் போயின. பயமாகத்தான் இருந்தது. நாளைக்குக் கரையில் நிற்க முடியுமா, படகு இறங்குமா, மகள் தன் முகத்தில் விழிப்பாளா, ஒன்றும் தெரியவில்லை. கோபம் மட்டும் கொஞ்சமும் இறங்கவில்லை.

"தேசப்பா" என்று நாட்டாரின் குரல் மேலேயிருந்து வந்தது. "தூக்கி இட்டுக்கினு போ அவள."

தேசப்பனின் கால்கள் அவள் பக்கத்தில் வந்து நின்றன. வலது பாதத்தில் போன வாரம் தூண்டில் கிழித்த காயம் இன்னும் காயவில்லை. அவன் குனிவது நிழலில் தெரிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை இறுக்கினாள். இழுத்தால் உதறிவிடுவது என்று இருந்தாள். அவன் கை அவள் தோளுக்கு வரவில்லை. காலருகில் ஏறியிருந்த புடவையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டது. அப்புறம் அந்தக் கால்கள் முன்பக்கம் வந்தன, முட்டிகள் இரண்டும் மடங்கின. அவள் தலைமாட்டில், மணலில், பஞ்சாயத்தாரைப் பார்த்தபடி தேசப்பன் சப்பணம் போட்டு உட்கார்ந்தான்.